ஏழு கதைகளும் ஆறாயிரம் ரூபாயும்

உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா விண்ணப்பம், ரேஷன் அட்டைத் திருத்தம், பள்ளிக் கேள்வித்தாள் என்று எது வந்தாலும் தட்டச்சு செய்து கொடுப்பேன். நடுவில் யாராவது ஒரு சிறுகதையையோ கவிதைக் கட்டையோ தயங்கித் தயங்கி நீட்டுவார்கள். நானும் எழுதுகிறவள் என்பது இந்தப் பக்கத்தில் கொஞ்சம் பேருக்குத் தெரியும்.

மே மாதம் பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர், அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கையில் காசு புழங்காத அந்த மாதத்திலும், தானும் கடலில் இறங்கிப் பாசி எடுத்துச் சேர்த்த ஆறாயிரம் ரூபாயை அவள் தொடாமல் வைத்திருந்தாள். ஏழு கதைகள் எழுதி முடித்திருந்தாள். மேசைமேல் மூன்று தாள்களை வைத்துவிட்டு, “எது செய்தால் நல்லது, அக்கா?” என்றாள்.

முதல் தாள் ஒரு போட்டி அறிவிப்பு. கதைக்கு 500 ரூபாய் நுழைவுக் கட்டணம், பங்கேற்கும் அனைவருக்கும் சான்றிதழ், தேர்வாகும் கதைகள் தொகுப்பு நூலாக வரும். இரண்டாவதும் போட்டிதான், ஆனால் கட்டணம் இல்லை. ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவின் நினைவாக நடத்துவது. மூன்றாவது, மதுரை அச்சகம் ஒன்றின் விலைப்பட்டியல்: 64 பக்கம், 100 படிகள், 9,500 ரூபாய். ஆறாயிரத்தை இப்போது கட்டிவிட்டு மீதியைப் பிறகு கொடுக்கலாம் என்றிருக்கிறார்கள்.

அவள் பார்த்தது ரூபாய்க் கணக்கை. போட்டிக்குக் குறைந்த செலவு, புத்தகத்துக்குக் கூடுதல் செலவு. ஜெயித்தால் பரிசு, இல்லாவிட்டால் 500 போயிற்று. என் கணக்கு வேறு. போட்டிக்கு நாம் கட்டுகிற பெரிய தொகை கட்டணமே அல்ல. “இதுவரை எங்கும் வெளியாகாதது, முடிவு வரும்வரை வேறெங்கும் அனுப்பமாட்டேன்” என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறோமே, அன்றிலிருந்து கதை பூட்டிய பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்தப் பெட்டி எத்தனை மாதம் பூட்டியிருக்கும், தோற்று வெளியே வரும்போது கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022 டிசம்பர் இறுதியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போவது நின்றது. 1914இல் திறந்த பாலம். அதன் தூக்குப் பகுதி துருப்பிடித்துத் தளர்ந்துவிட்டது. ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் முடிந்துபோயின. காசித் தீர்த்தச் செம்போடு வந்த வடநாட்டுப் பாட்டி ஒருவர் மண்டபத்தில் இறக்கிவிடப்பட்டு, பாஷை தெரியாமல், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையே செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு கதை எழுதினேன். 2024 ஜூனில் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். டிசம்பரில் முடிவு என்றார்கள். டிசம்பர் போனது, பொங்கல் போனது. 2025 ஏப்ரல் 6, ராமநவமியன்று புதிய தூக்குப் பாலம் திறந்து ரயில் ராமேஸ்வரம் போகத் தொடங்கிவிட்டது. போட்டி முடிவு ஜூலையில் வந்தது; என் பெயர் இல்லை. பிறகு அதே கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார்: கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இப்போது ரயில் ஓடுகிறதே, போன வருடம் அனுப்பியிருந்தால் உடனே போட்டிருப்பேன். அந்தக் கதைக்கு நான் கட்டணமே கட்டவில்லை. இலவசப் போட்டிதான்.

ஆனாலும் போட்டிகளை ஒட்டுமொத்தமாகத் திட்டுவதற்கு என் நோட்டு இடம் தரவில்லை. எங்கே எதை அனுப்பினேன் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். ஆறு ஆண்டுகளில் 23 முறை போட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். நான்கு இடங்களில் கட்டணம், மொத்தம் 1,200 ரூபாய். தாள், தபால் செலவு தனியாக ஏறத்தாழ 1,400. கிடைத்தது ஒரு மூன்றாம் பரிசு 5,000, ஓர் ஆறுதல் பரிசு 1,000. ஆக 3,400 ரூபாய் மிச்சம். இதே காலத்தில் நானே போட்ட புத்தகத்தின் கணக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். டெம்மி அளவில் 96 பக்கம், 300 படிகள், அச்சுக்கூலி 19,500. விலை 120. நேரில் விற்றது 70, அதில் 8,400. கடைகள் வழியாக 118. கடைக்காரர் கழிவு 35 விழுக்காடு போகப் படிக்கு 78 வீதம் 9,204. மொத்தம் 17,604. அசலில் 1,896 ரூபாய் இன்னும் வரவேண்டும். மீதி 112 படிகள் கட்டிலுக்கு அடியில் பாலித்தீன் சுற்றி இருக்கின்றன. உப்புக் காற்றில் தாள் ஊதி, அட்டை வளைந்து, ஒவ்வொரு புத்தகமும் தானாகவே திறந்து பார்க்கிறது.

பணத்தை மட்டும் பார்த்தால் போட்டிதான் ஜெயிக்கிறது. அந்தப் பெண்ணிடமும் இதை மறைக்கவில்லை.

நோட்டில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 23இல் ஒன்பதுக்கு முடிவே தெரியாது. யார் ஜெயித்தார்கள் என்ற அறிவிப்பும் இல்லை, என் கதை வந்து சேர்ந்தது என்ற பதிலும் இல்லை. அந்த ஒன்பது கதைகளும் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் வரை சும்மா கிடந்தன. நான்தான் பயந்துகொண்டு வேறெங்கும் அனுப்பாமல் இருந்தேன். அறிவிப்பில் முடிவுத் தேதி இல்லாத போட்டிக்கு இப்போது அனுப்புவதில்லை. தேதி இருந்து, அது தாண்டி ஒரு மாதம் ஆனால், திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிவிட்டுக் கதையை வேறு இடத்துக்குக் கிளப்பிவிடுகிறேன்.

ஆறுதல் பரிசு வாங்கிய கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்தை என்கிற பாய்மரப் படகு ஓட்டுகிறவர் ஒருவரைப் பற்றியது. நடுவர்கள் மூவர் படித்திருக்கிறார்கள். “கடல்புற வாழ்வை நுட்பமாகச் சித்திரிக்கிறது” என்று சான்றிதழில் அச்சடித்திருந்தார்கள். பிறகு அது என் புத்தகத்தில் சேர்ந்தது. புத்தகம் வந்த மூன்றாம் மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வயதான தண்டல், படகை நடத்துகிறவர், கடைக்கு வந்தார். பேரன் படித்துக் காட்டினானாம். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. “மார்கழியில் கச்சான் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, மகளே, நீ எந்த ஊர்க் கடலைப் பார்த்தாய்?” என்றார். மார்கழியில் வாடை அல்லவா! கச்சான் மேற்கிலிருந்து வரும் கோடைக் காற்று. நான் பிறந்து வளர்ந்தது இதே கடற்கரையில்; எழுதும்போது ஓசைக்காகக் கச்சானைப் போட்டுவிட்டேன். மூன்று நடுவர்கள் கண்ணில் படாதது அவர் காதில் பட்டது. அன்று கட்டிலுக்கு அடியில் இருந்த படிகளையெல்லாம் எடுத்து, 61ஆம் பக்கத்தில் பேனாவால் ‘வாடை’ என்று திருத்தினேன்.

நடுவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நடுவருக்கு இருநூறு, முந்நூறு கதைகள் வரும். மீன் இறங்குதளத்தில் கூறு போட்டு ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஏலக்காரர் ஒரு கூறைப் பார்க்கிற நேரம் கண் இமைக்கிற நேரம்தான். மேலே கிடக்கும் மீன் பளபளவென்று இருந்தால் விலை ஏறும். போட்டிக் கதையிலும் முதல் பக்கம் பளபளவென்று இருக்க வேண்டியிருக்கிறது. மெல்லத் திறக்கும் கதைகள் அங்கே அடிபடுகின்றன. அவளுடைய ஏழில் குறைந்தது மூன்று அப்படிப்பட்டவை. பாசி எடுக்கும் பெண்கள் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே பேசுகிற பேச்சு மட்டும் இரண்டு பக்கம் வரும் ஒரு கதையில். என்னால் அந்த இரண்டு பக்கத்தை வெட்டச் சொல்ல முடியாது. 750 சொற்களுக்கு மிகாமல் என்கிற போட்டி அதைத்தான் முதலில் வெட்டச் சொல்லும்.

பத்திரிகைக்கும் போட்டிக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். நல்ல பத்திரிகை ஆசிரியர் கேள்வி கேட்பார். “சோழகம் என்றால் என்ன காற்று, மரிக்கொழுந்து என்கிறீர்களே, பூவா, பாசியா?” என்று என்னிடம் தொலைபேசியில் கேட்டவர் உண்டு. பாசிதான் என்று சொல்லி, கதைக்குள்ளேயே விளங்கும்படி ஒரு சொல்லைச் சேர்த்தேன், கதை தேறியது. போட்டி நடுவரால் கேட்க முடியாது. விளங்காவிட்டால் அடுத்த தாளை எடுத்துவிடுவார். எங்கள் பக்கத்துச் சொல்லோடு எழுதுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

போட்டி என்றாலே இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ராஜம் கிருஷ்ணன் 1953இல் கலைமகள் நாவல் போட்டியிலும், 1958இல் ஆனந்த விகடன் போட்டியிலும் பரிசு பெற்றவர். அன்றைய பத்திரிகைப் போட்டியில் பரிசோடு வாசகர்களும் வந்தார்கள். பரிசு பெற்றது அந்தப் பத்திரிகையிலேயே வந்துவிடும், ஊர் ஊராகப் படிப்பார்கள். பின்னாளில் அவர் மீனவர்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் பற்றி எழுதக் கடற்கரை ஊர்களுக்கே போய்த் தங்கினார். அதை எந்தப் போட்டியும் கேட்கவில்லை. இன்றைக்கும் தினமலர் வாரமலரின் டி.வி.ஆர். நினைவுச் சிறுகதைப் போட்டி போன்றவற்றில் பரிசுக் கதை அச்சில் வந்து வீட்டுக்கு வீடு போகிறது. பரிசுக் கதையை எங்கே வெளியிடுவார்கள், எத்தனை பேர் படிப்பார்கள் என்பதற்குப் பதில் உள்ள போட்டி ஒரு ரகம். விழா நடத்தி, பொன்னாடை போர்த்தி, கதையை ஒரு கோப்பில் வைத்துப் பீரோவில் பூட்டிவிடுகிற போட்டி இன்னொரு ரகம். எனக்குக் கிடைத்த கேடயத்தின் பித்தளைத் தகடு இரண்டு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிட்டது. ஆனால் அந்த விழாவின் மதியச் சாப்பாட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்தான் பிறகு என் இரண்டு கதைகளை வெளியிட்ட சிற்றிதழ் ஆசிரியர். ஐயாயிரத்தைவிட அந்த இலைதான் எனக்கு உதவியது.

அனுப்பாமலே பரிசு வருகிற வழியும் தமிழில் இருந்தது. இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் பல்லாண்டுகள் மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. எழுதியவர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கதை அச்சில் வந்திருந்தால் போதும். அங்கே கதை பூட்டிக் கிடக்கவில்லை, வெளியே வந்த பிறகுதான் எடை பார்த்தார்கள். தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் 33 வகைப்பாடுகளில் கொடுக்கும் சிறந்த நூல் பரிசும் வெளிவந்த நூலுக்குத்தான். அதற்கும் சிறு கட்டணமும் நூல்படிகளும் உண்டு. ஆகவே கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஓட வேண்டியதில்லை. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார், 50,000 ரூபாய், அதுவும் நூலுக்கே. இவளுக்கு வயது 24. புத்தகம் போடுவதற்கு இன்னும் பதினோரு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று சொன்னபோது சிரித்தாள்.

முதல் தாளுக்கு வருகிறேன். 500 ரூபாய், அனைவருக்கும் சான்றிதழ். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள். “தேர்வாகும் படைப்புகளின் அனைத்து உரிமைகளும் அமைப்பாளர்களுக்கே உரியவை.” அதற்குக் கீழே, தொகுப்பில் இடம்பெறுவோர் குறைந்தது ஐந்து படிகள் வாங்கிக்கொள்ள வேண்டும், சலுகை விலை 250. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எல்லா எழுத்தாளர்களும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்தப் பகுதிக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரையில், அந்த உரிமை காலாவதி. விண்ணப்பத்தின் அடியில் நாம் போடும் கையெழுத்தை நுழைவுச் சீட்டுக்கான கையெழுத்து என்று நினைத்துக்கொள்கிறோம். கதையை எழுதிக் கொடுத்த கையெழுத்தாக அது மாறிவிடக்கூடும். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கிற சொத்து அது. 500 ரூபாயையும் கட்டி, 1,250 ரூபாய்க்குத் தன் கதையைத் தானே வாங்கி, உரிமையையும் கொடுத்துவிட்டு வருவதற்குப் பெயர் போட்டி என்றால், எங்கள் ஊர்ப் பாசி வியாபாரிகள் எவ்வளவோ தேவலாம். அவர்கள் எடை போட்டுப் பாசிக்குக் காசாவது கொடுக்கிறார்கள்.

அமேசானின் கிண்டிலில் மின்னூலாகப் போடலாமே என்பாரும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே தமிழுக்கும் பெரிய பரிசோடு போட்டி நடந்தது. முதல் கட்டத் தேர்வில் விற்பனையும் வாசகர் மதிப்புரையும் கணக்கில் வந்தன. நண்பர்கள் நிறைய உள்ளவருக்கு அது தோதான களம். மின்னூலைக் கையில் பணமில்லாமல் போடலாம் என்பது உண்மை; 90 நாள் வேறெங்கும் மின்னூலாக வைக்கக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் சேர்ந்தால் இந்தியாவில் 70 விழுக்காடு வரை பங்கு கிடைக்கும். ஆனால் இவளுடைய வாசகர்கள் சின்னப்பாலத்துப் பெண்கள். நீர் வற்றும்வரை கரையில் உட்கார்ந்திருக்கும்போது இவள் வாசிக்க அவர்கள் கேட்பார்கள். அவர்களிடம் கிண்டில் கணக்கைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது தாளில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். அச்சகத்துப் பட்டியலில் “ஐ.எஸ்.பி.என். எண் – 1,500” என்று ஒரு வரி. நூலுக்கு அடையாளமாகத் தரும் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமை இலவசமாகக் கொடுக்கிறது. எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதைக் கழித்தாலும் 8,000. படிக்கு 80 ரூபாய் அடக்கம் ஆகிற 64 பக்க நூலை என்ன விலைக்கு விற்பது? கடையில் வைத்தால் கழிவு போகக் கையைக் கடிக்கும். ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் உள்ளூர் எழுத்தாளர் என்று சொல்லி நேரில் விற்கலாம், அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை. ஏழு கதைகளுக்கு 64 பக்கத்தை இழுத்துப் பிடித்து நிரப்பியிருக்கிறார்கள், எழுத்தின் அளவைப் பெரிதாக்கி. இன்னும் ஐந்து கதைகள் சேரட்டும், ஆறு அச்சுப் பாரம், அதாவது 96 பக்கம் ஆகட்டும் என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. “அம்மா கையில் ஏதாவது கொடுக்க வேண்டும், அக்கா. வருடக்கணக்காக எழுதுகிறாயே, எங்கே காட்டு என்கிறார்கள்.”

இந்த ஒரு வாதத்துக்கு என் நோட்டில் பதில் இல்லை. போட்டியாலும் பத்திரிகையாலும் தர முடியாததை அவள் கேட்டாள். கீழக்கரைச் சீதக்காதியைப் போல ஒரு வள்ளல் இருந்த காலம் என்றால் அந்த வாசலுக்கு அனுப்பியிருப்பேன். உமறுப் புலவருக்குத் துணை நின்ற கடற்கரை இது. இப்போது இருப்பது என்னுடைய ஜெராக்ஸ் இயந்திரம்.

பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று கடலைப் பங்கு போட்டுக்கொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. ஏழு கதைகளை நாங்களும் அப்படித்தான் பிரித்தோம். மெல்லத் திறக்கும் மூன்று பாசிக் கதைகளும் சிறு நூலாக: ஏ4 தாளை மடித்து 40 பக்கம், 30 படிகள், படிக்கு 25 ரூபாய், மொத்தம் 750. இப்படிப் போட்டுவிட்டால் அந்த மூன்றும் “எங்கும் வெளியாகாதவை” அல்ல, இனிப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்பதை இரண்டு முறை சொன்னேன். தெரிந்துதான் சரி என்றாள். மீதி நான்கில் முதல் பக்கத்திலேயே பிடித்து இழுக்கிற ஒன்று, இரண்டாவது தாளிலுள்ள நினைவுப் போட்டிக்கு. ஆகஸ்டு 15 முடிவு என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள், பரிசுக் கதைகள் எந்த இதழில் வரும் என்றும் சொல்லியிருந்தார்கள், உரிமையைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு கதைகள் இரண்டு பத்திரிகைகளுக்கு. ஒன்று இன்னும் முடியவில்லை என்பது என் கருத்து, அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றி, உடைந்துபோன கொம்புகளையும் கால்களையும் சரிசெய்து அனுப்பி வைத்தோம். கடைக் காலண்டரில் ஆகஸ்டு 15 தாளின் ஓரத்தில் ‘சின்னப்பாலம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். 5,250 ரூபாய் மிஞ்சியது. அதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சிறு நூலுக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கப் போனேன், வேண்டாம் என்றாள். உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் பழுப்பாகிவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தாள்களை அப்படியே வாங்கிப் போனாள். வலை பொத்துகிற நைலான் நூலால் அம்மாவே முப்பதையும் தைத்துவிட்டாராம். அடுத்த வாரம் வந்து, நான்கு படிகள் நனைந்துவிட்டன என்றாள். கரையில் ஈரக் கையோடு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். நான்கு மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.